குழந்தையை யார் பார்த்துக்கொள்வது? புருஷன் பொண்டாட்டிக்கு எந்த ஏற்பாடு நல்லது?

ஓசூரில் இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில், குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆவதற்குள் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். லீவு முடிந்ததும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? மாமியார் வீட்டோடு போய் இருப்பதா, அம்மாவை இங்கே வரச்சொல்வதா, ஆளுக்கொரு ஷிஃப்ட் போட்டுச் சமாளிப்பதா, டே கேரில் விடுவதா, இல்லை ஒருத்தர் வேலையை விட்டுவிடுவதா? குழந்தைக்கு எது நல்லது, மாசம் எவ்வளவு ஆகும், இந்த இரண்டு கேள்வியோடு பெரும்பாலும் முடிவு எடுத்துவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம், நாலரை வருஷத்தில் மூன்று தடவை மாற்றினோம். நாங்கள் கேட்காமல் விட்ட மூன்றாவது கேள்வி இதுதான்: இந்த ஏற்பாட்டில் நானும் அவரும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒரே வீட்டில், இருவரும் விழித்திருக்கிற நிலையில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிற மாதிரி இருப்போம்?

இதைச் சுயநலமான கேள்வி என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஜான் காட்மன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவும் புதிதாகக் கல்யாணமான ஜோடிகளைச் சில வருஷம் தொடர்ந்து கவனித்து 2000இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் குழந்தை பெற்ற பெண்களில் 67 சதவீதம் பேருக்குத் தாம்பத்தியத்தில் இருந்த திருப்தி குறைந்துபோயிருந்தது. எனக்கு மீதி 33 சதவீதம்தான் முக்கியமாகத் தெரிந்தது. அந்த வீடுகளில் புருஷன் தன் பிரியத்தை உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல் வெளியே காட்டுகிறவராக இருந்தார், அவள் நாள் எப்படிப் போகிறது, அவளுக்கு என்ன கவலை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவர் நாள் எப்படிப் போகிறது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொள்ள நேரம் வேண்டும், அந்த நேரத்தை எந்த ஏற்பாடு கொடுக்கும், எது தின்றுவிடும் என்பதைத்தான் நான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

எங்களைப் பற்றிச் சுருக்கமாக. எனக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, பகல் ஷிஃப்ட். அவருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை, ஆரம்பத்தில் வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். அவர் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம், நான் பாலக்கோடு பக்கம். பையனுக்கு நாலரை வயது, பெண்ணுக்கு ஒன்றே முக்கால்.

டே கேர், மாமியார் எல்லாவற்றுக்கும் முன்னால் தாய்வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோணல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் பையனுக்கு ஐந்து மாதம் ஆனபிறகுதான் திரும்பினேன். 26 வாரம் சம்பளத்தோடு லீவு கிடைக்கிறது, அம்மா பார்த்துக்கொள்கிறார், வேறென்ன வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றியது. அவர் ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் பஸ் ஏறி ராயக்கோட்டை வழியாக வருவார், கையில் நிப்பட்டுப் பொட்டலம் இருக்கும், மாப்பிள்ளைக்கு நாற்காலி போடுவார்கள். பிள்ளையைப் பத்து நிமிஷம் கையில் வைத்திருப்பார், அது அழுததும் அம்மாவோ பெரியம்மாவோ வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் கிளம்பிவிடுவார். ஐந்து மாதம் கழித்து ஓசூருக்கு வந்தபோது பிள்ளையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த ஒரு வருஷத்து மனஸ்தாபங்களில் பாதி இந்த ஒரு வித்தியாசத்தால் வந்தவை. நான் சொல்லிக்கொடுத்தால் அதட்டுகிற மாதிரி அவருக்குக் கேட்கும், அவர் சும்மா இருந்தால் அக்கறையே இல்லை என்று எனக்குத் தோன்றும்.

பெண் பிறந்தபோது நாற்பத்தெட்டாவது நாள் ஓசூர் வந்துவிட்டேன், அம்மாவும் கூட வந்தார். ஒரு நாள் காலை அம்மா அவரைக் குளியலறையில் மணை போட்டு உட்காரவைத்து, காலை நீட்டச்சொல்லி, குழந்தையைக் கால்மேல் குப்புறப் போட்டுவிட்டார். முட்டி இரண்டையும் சேர்த்து வையுங்க மாப்பிள்ளை, இடுக்கில் பாப்பா நழுவிடும் என்றார் அம்மா. முதல் நாள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. பத்தாவது நாள் அம்மா அந்தப் பக்கமே போகவில்லை, உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் அவர் ஏதோ பாடுகிற சத்தமும்தான் கேட்டன. ஆக, உடம்பு தேறிவிட்டால் தாய்வீட்டில் இரண்டு மாதம் போதும் என்பது என் அபிப்பிராயம். ஆபரேஷன், இரத்தசோகை என்று கூடுதலாக இருக்கவேண்டி வந்தால், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக அவரை வரவழைப்பதைவிட ஒரு வாரம் லீவு போட்டு வந்து ராத்திரி எழுந்து பிள்ளையைத் தூக்கச்சொல்லுங்கள்.

நாங்கள் முதலில் எடுத்தது மாமியார் வீட்டோடு இருக்கும் முடிவு. காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூருக்கு அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், தேசிய நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ் வரும். எட்டு மாதம் இருந்தோம். குழந்தைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, அதை இப்போதும் சொல்வேன். கேழ்வரகுக் கூழ், வெயில், மண், கூப்பிட்டால் ஓடிவர நாலு வீடு. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம், பையன் அம்மா என்று சொல்வதற்கு முன்னால் ஆயா என்றுதான் சொன்னான். கொஞ்சம் வலித்தது, ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. செலவும் இல்லை.

ஆனால் எங்கள் இருவருக்கு? அவர் காலை ஷிஃப்ட் வாரத்தில் நாலேகால் மணிக்கே எழுந்து பைபாஸுக்குப் போய்விடுவார். நான் ஆறரைக்குக் கிளம்பி ராத்திரி ஏழே முக்காலுக்குத் திரும்புவேன். அப்போது வீட்டில் ஆறு பேர், ஒரே கூடம், ஒரு டிவி. ஒன்பது மணிக்கு அறைக்கதவைச் சாத்துவதே கூச்சமாக இருக்கும், சாத்தினாலும் குசுகுசுவென்றுதான் பேசவேண்டும். நிறைய பேருக்கு இது புரியாது, எங்களால் சண்டைகூடப் போடமுடியவில்லை. சண்டை போட்டால் அரை மணியில் முடியக்கூடிய விஷயம், பேசாமல் இருந்து மூன்று நாள் ஓடும். அப்புறம் அத்தை கண்டுபிடித்து, என்னம்மா ஆச்சு என்று கேட்பார், நான் ஒன்றுமில்லை அத்தை என்பேன், அவரோ தன் மகனைப் பார்ப்பார், அதோடு இரண்டு பேர் விஷயம் நாலு பேர் விஷயமாகிவிடும். அத்தை மேல் குறையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரேதான், பையன் என்கிட்ட இருக்கட்டும், ரெண்டு பேரும் எங்காவது போய்ட்டு வாங்க என்று துரத்துவார். கே.ஆர்.பி. அணைக்குப் போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வந்தோம், எட்டு மாதத்தில் இரண்டே தடவை. பிள்ளையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறோமே என்று எனக்குத்தான் மனசு உறுத்தியது. அந்தத் தயக்கத்தை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுகிறேன், வாரா வாரம் போயிருக்கவேண்டும்.

இன்னொன்று, தாத்தா ஆயா இருக்கிறார்கள் என்றால் வருஷம் பூராவும் சும்மா இருக்கிறார்கள் என்று கணக்குப் போடக்கூடாது. அவர்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. மே, ஜூனில் பெங்களூராவும் செந்தூராவும் இறங்க ஆரம்பித்தால், ஆள் பிடிப்பது, சாப்பாடு கொடுப்பது, மண்டிக்கு ஏற்றுவது என்று அத்தைக்கு உட்கார நேரம் இருக்காது. அந்த இரண்டு மாதத்தில் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டே அவர் தோப்புக்கும் வீட்டுக்கும் நடந்ததைப் பார்த்தபிறகுதான் மாற்று ஏற்பாடு யோசித்தோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை.

வேலையும் ஊரும் ஒரே இடத்தில் இருக்கிறவர்களுக்கு, அதாவது கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ இருவருக்கும் வேலை, அப்பா அம்மாவும் அங்கேயே என்றால், இதுதான் முதல் தேர்வு. ஒரே ஒரு திருத்தம், ஒரே தெருவில் தனி வீடு எடுங்கள், இல்லை மாடியில் தனி அடுப்பு வையுங்கள். பகலில் பிள்ளை அங்கே, ராத்திரிச் சாப்பாடு நம் வீட்டில்.

இரண்டாவதாக நாங்கள் செய்தது ஷிஃப்ட் மாற்றிக்கொண்டது. திரும்ப ஓசூரில் வீடு எடுத்து, அவர் கேட்டு வாங்கி நிரந்தரமாக ராத்திரி ஷிஃப்டுக்குப் போனார். ராத்திரிப் படியும் வந்தது, டே கேர் காசும் மிச்சம், பிள்ளை எப்போதும் அப்பா அம்மாவில் ஒருத்தரிடம்தான் இருக்கும். தாளில் எழுதிப் பார்த்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. காலை ஆறே முக்காலுக்கு அவர் வருவார், எட்டேகாலுக்கு நான் கிளம்புவேன். பகலில் பையன் தூங்குகிற ஒன்றரை மணி நேரம்தான் அவருக்கும் தூக்கம். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் செருப்பைக் கழற்றும்போதே பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போவார், ஒன்பதுக்கு எழுந்து கிளம்புவார்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் பேசிக்கொண்டோம். ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருப்போம். சிரப் 2 மணிக்குக் கொடுத்தாச்சு. கேஸ் புக் பண்ணியாச்சு. மூக்கு ஒழுகுது. ஒரு நாள் வீடு மாற்றும்போது அந்தத் தாள்கள் ஒரு கட்டாக அலமாரியில் கிடைத்தன, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நாற்பது ஐம்பது தாள் இருக்கும். ஒன்றில்கூட எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்ற வார்த்தை இல்லை, நான் எழுதியதிலும் இல்லை, அவர் எழுதியதிலும் இல்லை. பதினோரு மாதம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

அந்தச் சமயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வரவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். அவருக்கு எடை குறைந்தது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார், வண்டி ஓட்டும்போது ஒரு தடவை கண் அசந்துவிட்டது, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் வழியைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள், முடிவுத் தேதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். மூன்று மாதம் தாங்கும், அவசரத்துக்குச் சரி. வருஷக்கணக்கில் ஓட்டுவதற்கான வழி இது இல்லை. காலை ஷிஃப்டும் பகல் ஷிஃப்டும் மாதிரி ராத்திரியில் இருவரும் வீட்டில் இருக்கிற சேர்க்கை கிடைத்தால் அது வேறு கதை, அதைக் கொஞ்ச காலம் நடத்தலாம்.

மூன்றாவது, அம்மாவை ஓசூருக்கு அழைத்துக்கொண்டது. பெண் பிறந்து நாங்கள் ஓசூர் வந்ததிலிருந்து பத்து மாதம் இருந்தார். அம்மா இருந்ததால் எங்கள் வீடு நிமிர்ந்தது. ராத்திரி எட்டு மணிக்கு, நான் பாப்பாவைத் தூங்கவைக்கிறேன், மாடிக்குப் போய் காத்து வாங்கிட்டு வாங்க என்பார். ஒரு படுக்கையறை வீடு, இடம் இடிக்கத்தான் செய்தது, ஆனாலும் மொட்டைமாடி எங்களுக்குக் கிடைத்தது. எங்கள் கல்யாணம் உயிர்பெற்றது அந்த மாடியில்தான் என்று சொன்னால் மிகையில்லை. அவருடைய கம்பெனியில் என்ன நடக்கிறது, அவருக்கு யாரால் தொந்தரவு என்பதெல்லாம் அங்கேதான் எனக்குத் தெரியவந்தது.

ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அம்மா இங்கே இருந்தால் அப்பா அங்கே தனியாக இருக்கிறார். இரண்டு மாடு, கொஞ்சம் தக்காளி, அதை விட்டுவிட்டு அவரால் வரமுடியாது. பெரியம்மா வீட்டிலிருந்து சாப்பாடு வரும், ராத்திரிக்கு அதையே வைத்துச் சாப்பிடுவார். தினமும் ஏழு மணிக்கு போன் செய்வார், மாடு கறந்தது, மழை வந்தது என்று இரண்டு நிமிஷம் பேசுவார், அம்மா சமையலறை மூலையில் நின்று கேட்பார். ஒரு நாள் அம்மா போனை வைத்துவிட்டு, அந்த மனுசன் பழையதைச் சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கார்டி என்றார். அப்போதுதான் உறைத்தது. எங்கள் இருவருக்கு நேரம் வேண்டும் என்று, முப்பத்திரண்டு வருஷம் சேர்ந்து இருந்த இரண்டு பேரைப் பிரித்துவைத்திருக்கிறோம். பெற்றவர்களை அழைத்தால் இரண்டு பேரையும் அழையுங்கள், முடியாதென்றால் மாதத்தில் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கேட்க நமக்கு உரிமை இல்லை.

வேலையை விடுவதைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன், நான் செய்யவில்லை. என் நாத்தனார் செய்தார், சந்தோஷமாகத்தான் விட்டார். குழந்தையோடு இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது, பிடிக்காமல் போனது ஒவ்வொரு இருநூறு ரூபாய்க்கும் கேட்கவேண்டியிருந்தது. விடுவது என்று முடிவெடுத்தால், மாசம் இவ்வளவு உன் கணக்கில் விழும், அதற்குக் கணக்குக் கேட்கமாட்டேன் என்று முதலிலேயே பேசிவிடவேண்டும். எத்தனை வருஷம் என்பதையும் பேசவேண்டும். இன்னொரு விஷயம், ஒருத்தர் வேலையை விடுவது என்றாலே எங்கள் ஊரில் அது பெண்தான் என்று யாரும் கேட்காமலே முடிவாகிவிடுகிறது. இருவரில் யார் சம்பளம் அதிகம், யாருக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது இருப்பது நான்காவது ஏற்பாடு. அவர் பகல் ஷிஃப்ட் கேட்டு வாங்கினார், ராத்திரிப் படி போய்விட்டது. பெண் டே கேரில், பையன் பள்ளி முடிந்து அதே டே கேருக்கு வருகிறான். இரண்டு பேருக்கும் சேர்த்து மாசம் 9,000 ரூபாய் கொடுக்கிறோம். படியும் போய், இதுவும் போக, கையில் நிற்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. சேமிப்பு அநேகமாக இல்லை. ஆனால் சாயங்காலம் ஆறரையிலிருந்து இருவரும் வீட்டில் இருக்கிறோம், பிள்ளைகள் எட்டரைக்குத் தூங்குகிறார்கள், பத்து மணி வரை நேரம் எங்களுடையது. ஐந்து வருஷத்துக்கு இந்தக் காசு போனால் போகட்டும் என்று மனப்பூர்வமாக முடிவு செய்தோம்.

டே கேரில் உள்ள பெரிய ஓட்டை காய்ச்சல். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சேர்க்கமாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. முதல் மழைக்காலத்தில் ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்தது, மூன்று தடவையும் லீவு போட்டது நான். மூன்றாவது தடவை வெடித்துவிட்டேன். இப்போது காலண்டரில் எழுதிவைத்திருக்கிறோம், ஒற்றைப்படைத் தேதி என்றால் நான், இரட்டைப்படை என்றால் அவர். இரண்டு நாளுக்கு மேல் போனால் அம்மா பஸ் ஏறிவிடுவார். கேட்க விளையாட்டாக இருக்கலாம், ஆனால் காலை ஏழு மணிக்கு தெர்மாமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு யார் போவது என்று பேசவேண்டிய அவசியம் இல்லாமல் போனதே எங்களுக்குப் பெரிய விடுதலை.

சேர்ப்பதற்கு முன் உங்கள் கம்பெனியில் கேளுங்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் கொண்டுவந்த திருத்தத்திலிருந்தே, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்கவேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்துவரலாம். கேட்டால்தான் பதில் வரும், நாலு பேர் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. இரண்டு வயதுக்கு மேல் என்றால் பக்கத்து அங்கன்வாடியைப் போய்ப் பாருங்கள், மதியச் சாப்பாடு, முட்டை எல்லாம் கிடைக்கும், செலவு இல்லை. சாயங்காலம் நாம் வருகிறவரை இருக்காது என்பதால் நடுவில் ஒரு ஆள் தேவைப்படும்.

எந்த ஏற்பாடு எடுத்தாலும் ராத்திரி வேலையைப் பிரிக்காவிட்டால் எதுவும் நிற்காது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் கொடுத்தார்கள், வீட்டு வேலை செய்கிற ஆண்கள் 97 நிமிஷம். குழந்தை, பெரியவர்களைக் கவனிக்கும் நேரம் இதில் சேராது. இந்த எண்ணை அவரிடம் காட்டியபோது அவர் வாதாடவில்லை, நம்ம வீட்டில எவ்வளவு என்று கேட்டார். ஒரு வாரம் எழுதிப் பார்த்தோம். அதற்குப்பிறகு ராத்திரிப் பாத்திரமும் மறுநாள் டிபன் பாக்ஸும் அவருடையது. எட்டரைக்குப் பிள்ளைகள் தூங்கி, பதினொன்று வரை நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தால் சேர்ந்து இருக்கிற நேரம் எங்கிருந்து வரும்?

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். அடி, மிரட்டல், குடித்துவிட்டு வந்து கலாட்டா என்று இருக்கிற வீட்டுக்கு இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. அங்கே கேள்வியே வேறு, 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

ஜூனில் பையன் யூ.கே.ஜி. போகிறான், பள்ளி நேரம் மாறுகிறது, ஏற்பாட்டையும் மறுபடி பார்க்கவேண்டும். அப்பா இந்தத் தடவை ஒரு மாட்டை விற்றுவிட்டு, தை மாசம் அம்மாவோடு சேர்ந்து பதினைந்து நாள் வந்து இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வந்தால் படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் கூடத்தில் படுத்துக்கொள்வதாகப் பேசிவைத்திருக்கிறோம். தையில் ராத்திரி மொட்டைமாடி குளிரும், போர்வை எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறார் இவர்.